படைத்தலைவரும் குடிகளும்: லாலி வழக்கும் போர்க்குற்ற நீதியின் வளர்ச்சியும்

போர் முடிந்தபின் படைத்தலைவனை நீதிமன்றில் நிறுத்தி, போரில் அவன் செய்தவற்றுக்கு விடைகேட்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலேயே தோன்றிற்று என்று கருதுவார் உளர். நூரம்பர்க்கு (1945-46), தோக்கியோ (1946-48) ஆகிய நகரங்களில் கூடிய பன்னாட்டு நீதிமன்றங்களை அவர் சான்று காட்டுவர். பன்னாட்டு நீதிமன்றம் என்னும் அமைப்பைப் பற்றிய அளவில் அக்கூற்று உண்மையே. ஆயினும், தமிழகத்தில் நடந்த ஒரு போருக்காகப் படைத்தலைவர் ஒருவர் நீதிமன்றில் நிறுத்தப்பெற்றுத் தலையிழந்த செய்தி அதற்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகட்கு முற்பட்டது. புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த லாலியின் வழக்கே அது. அவர் 1766-இல் பாரிசு நகரில் கொல்லப்பட்டார்.

அவ்வழக்கு போர்க்குற்ற வழக்கு அன்று. எனினும் அதனை ஆராய்வது பயனுடைத்து. ஒரு தலைவன் தண்டிக்கப்படுவதும், அவனால் துன்புற்ற குடிகள் நீதி பெறுவதும் வேறுவேறு என்பதை அது போலத் தெளிவாகக் காட்டும் வழக்கு நம் வரலாற்றில் பிறிதொன்றில்லை என்பது எம் கருத்து. வில்லியனூர், பாகூர் என்னும் இரு கொம்யூன்களின் நிலத்தை நடுவாக வைத்து அதனை ஈண்டு ஆராய்வாம்.

1. நிலமும் போரும்

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலால் பெயர்பெற்றது. பாகூர் அதனினும் பழம்புகழ் உடையது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் அங்கிருந்த வித்தியாத்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறும். ஏரிப்பாசனமும் நெல்விளைவும் கல்வியும் ஒருங்கு நின்ற நிலம் இது.

1749-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தா சாகிபு முதலியோர் வழங்கிய கொடைகளால் இவ்விரு பகுதிகளும் பிரெஞ்சுக் கும்பினியார் கைக்கு வந்தன. அன்று தொட்டு இவை புதுச்சேரியின் நெற்களஞ்சியம் ஆயின. அக்காரணத்தாலேயே போர்க்களமும் ஆயின. 1752-இல் பாகூர் அருகே லாரன்சு என்னும் ஆங்கிலத் தளபதி, தூப்ளேக்சின் உறவினரான கெர்ழானின் படையை முறியடித்தார். 1760 ஏப்பிரலில் வழுதாவூர்க் கோட்டையும் சூலையில் வில்லியனூர்க் கோட்டையும் அயர் கூட்டின் கைக்குச் சென்றன. நகரைப் பிடிக்க விரும்புவோன் முதலில் நகருக்குச் சோறிடும் ஊர்களைப் பிடித்தல் வேண்டும். ஆதலின் இப்போர்களின் முதல் அடி எப்போதும் உழவர்மேலேயே விழுந்தது.

2. லாலியின் ஆணைகள்

அயர்லாந்து வழியினரான லாலி 1758 ஏப்பிரல் 28-ஆம் நாள் புதுச்சேரியில் இறங்கினார். ஐரோப்பியப் போர்களில் வீரப்புகழ் பெற்றவர். இந்நாட்டு மக்களையும் அவர்தம் வழக்கங்களையும் அறியாதவர். வந்த சின்னாட்களிலேயே கடலூர்மேல் படை செலுத்தினார். பொதிமாடும் வண்டியும் போதாமையின், நகரிலும் சுற்றூர்களிலும் உள்ள மக்களை வேறுபாடின்றிப் பிடித்துச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் ஏவினார். சூன் 2-ஆம் நாள் புனித தேவிட்டுக் கோட்டை சரணடைந்தது. பின்னர் அது தரைமட்டம் ஆக்கப்பட்டது.

அடுத்துத் தஞ்சைமேற் சென்ற படை வழியில் நாகூரைச் சூறையாடியது. கீழ்வேளூரில் கோயிலைச் சார்ந்த அந்தணர் சிலர் ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டனர். இச்செய்தியை ஆங்கில வரலாற்றாசிரியரான ஓர்மி குறித்துள்ளார். பகை நாட்டவர் எழுத்தாதலின் அதனை ஐயுறலாம் எனின், லாலியைப் பாராட்டிய ஆசிரியர்களும் இந்நிகழ்ச்சியை மறுத்திலர் என்பது நோக்கத்தக்கது.

இவ்விடத்து ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இவை கட்டுக்கடங்காத வீரர் தலைவன் அறியாமற் செய்தவை அல்ல. சுமை தூக்க ஆள் பிடித்ததும் கீழ்வேளூரில் உயிர் பறித்ததும் தலைவனின் ஆணையால் நிகழ்ந்தவை.

3. வேலிக்கும் கோட்டைக்கும் இடையே

1760 சனவரி 22-இல் வந்தவாசியில் லாலி தோற்றார். அதன்பின் புதுச்சேரி சிறிது சிறிதாக முற்றுகைக்கு உட்பட்டது. நகரைச் சுற்றி முட்செடிகளால் ஆன எல்லை வேலி ஒன்று இருந்தது. வில்லியனூர், வழுதாவூர், உழவர்கரை, அரியாங்குப்பம் ஆகிய ஊர்களை நோக்கிய வழிகளைச் சிறு காவற்கொத்தளங்கள் காத்தன. செப்டம்பரில் அவ்வேலி ஆங்கிலேயர் வயம் ஆயிற்று. நெல் வரும் வழிகள் அடைபட்டன.

நவம்பர் இறுதியில் உணவு மிகக் குறைந்தது. படைவீரர்க்கு உணவை மிச்சப்படுத்தும் பொருட்டு, நகரில் எஞ்சியிருந்த தமிழ்க்குடிகள் ஏறத்தாழ 1,400 பேரை லாலி வெளியேற்றினார். ஆணும் பெண்ணும் குழவியும் முதியோரும் அதில் இருந்தனர். அவர்கள் வேலியை அடைந்தபோது ஆங்கிலக் காவலர் வழிவிட மறுத்துத் திருப்பினர். திரும்பிவந்தோரைக் கோட்டையினர் ஏற்றிலர். எட்டு நாட்கள் அம்மக்கள் இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் கிடந்தனர். புல்லும் வேரும் அன்றி உண்ண அவர்க்கு ஒன்றும் இல்லை. பின்னர்க் கூட்டு மனமிரங்கி வழிவிட்டார்.

முற்றுகையிட்ட தலைவனும் முற்றுகைப்பட்ட தலைவனும் ஒரே கருத்தினராய் நின்ற இடம் இது. உள்ளிருப்போர் எண்ணிக்கை மிகுந்தால் நகரில் உணவு விரைவில் ஒழியும் என்பது ஆங்கிலேயர் கணக்கு. குறைந்தால் நெடுநாள் தாங்கும் என்பது லாலியின் கணக்கு. இரு கணக்கிலும் குடிகள் உயிர் உடையோராக எண்ணப்பட்டிலர், வயிறுகளாகவே எண்ணப்பட்டனர்.

1761 சனவரி 16-இல் நகரம் வீழ்ந்தது. 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்னரே மறைந்தார். சென்னை ஆளுநர் பிகட்டின் கட்டளையால் அவ்வாண்டிலேயே புதுச்சேரியின் அரண்களும் மாளிகைகளும் இடித்து அழிக்கப்பட்டன. புனித தேவிட்டுக் கோட்டையை அழித்தமைக்குப் பழி இது என்று கூறப்பட்டது.

4. பாரிசு வழக்கு

லாலி போர்க் கைதியாக இங்கிலாந்து சென்றார். பிரான்சில் தம்மேல் எழுந்த பழியைக் கேட்டு, உறுதிமொழியின் பேரில் தாமே நாடு திரும்பினார். 1762 நவம்பரில் பசுத்தீய்ச் சிறையில் அடைபட்டார். வழக்கு நெடுநாள் தொடங்கவே இல்லை. தொடங்கியபின் வழக்கறிஞர் துணை அவர்க்கு மறுக்கப்பட்டது. புதுச்சேரி ஆலோசனைச் சபையினரும் கும்பினி அலுவலரும் அவர்மேல் குற்றம் சாட்டினர். அவருட் பலர்க்குத் தம்மேல் உள்ள பழியை அவர் தலையில் ஏற்றும் தேவை இருந்தது. 1766 மே 6-இல் பாரிசு உயர்மன்றம் தீர்ப்புக் கூறியது. மே 9-இல், வாயடைக்கப்பட்ட நிலையில், அவர் தலை துணிக்கப்பட்டது.

தீர்ப்பின் தலையாய குற்றம், அரசர், அரசு, இந்தியக் கும்பினி ஆகியோரின் நலன்களுக்கு இரண்டகம் செய்தார் என்பது. அதனை அடுத்து அதிகார மீறல், கொடுமை, வன்பறிப்பு என்னும் சொற்கள் வருகின்றன. புதுச்சேரிக் குடிகளின் துன்பம் அத்தீர்ப்பினுள் நுழையக்கூடிய ஒரே சாளரம் அச்சொற்களே. ஆனால் எவரிடம், எந்நாளில், எச்செயல் செய்தார் என்பதைத் தீர்ப்பு விரித்துரைக்கவில்லை. வால்த்தேர் அத்தீர்ப்பை எதிர்த்து எழுதியபோது இக்குறையையே சிறப்பாகச் சுட்டினார். லாலியின் மகனும் வால்த்தேரும் முயன்றதன் பயனாக 1778 மே மாதத்தில் அரசர் அவை அத்தீர்ப்பை நீக்கியது. வால்த்தேர் அச்செய்தியைக் கேட்டுச் சில நாட்களில், மே 30-இல் காலமானார். வழக்குப் பின்னர் வேறு உயர்மன்றங்களுக்குச் சென்றும், லாலி குற்றமற்றவர் என்னும் தீர்ப்பை அவை வழங்கவில்லை.

இதற்குமுன் 1746-இல் சென்னையைக் கைப்பற்றிய லபூர்தொனேயும் பசுத்தீய்ச் சிறையில் இருந்து, 1751-இல் விடுதலை பெற்றார். அவ்வழக்கும் மீட்புப்பணத்தையும் கும்பினியின் இழப்பையும் பற்றியதே. இரண்டு வழக்குகளிலும் குற்றம் இழைக்கப்பட்டவராகக் கருதப்பட்டவர் அரசரும் பங்காளரும். வெற்றிபெற்ற பிகட்டும் கூட்டும் எம்மன்றத்திலும் புதுச்சேரியின் அழிவுக்கு விடைகூற நேர்ந்ததில்லை. தோல்வியே குற்றம் என்பது அக்கால நீதியின் சுருக்கம்.

5. அக்கால அறம் எதனை அறிந்திருந்தது?

அக்காலத்தார் அறியாத அறத்தை அவர்மேல் ஏற்றுதல் தகுமோ என்னும் தடை எழலாம். அதற்கு விடை காண்பது கடினமன்று. லாலி புதுச்சேரியில் இறங்கிய அதே 1758-ஆம் ஆண்டில் வாத்தேல் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞரின் நாடுகளிடைச் சட்டநூல் வெளிவந்தது. பெண்டிர், சிறுவர், முதியோர், பிணியாளர், சமயப்பணி செய்வோர், உழவர், படைக்கலம் ஏந்தாத பிறர் ஆகியோரைப் போரில் துன்புறுத்தலாகாது என்று அது கூறும். தேவையின் பேரால் நாடழித்தற்கு இடங்கொடுக்கும் பகுதிகளும் அந்நூலில் உண்டு. எனினும் விலக்கத்தக்கார் யாவர் என்பது ஐரோப்பியர் அறியாததன்று.

தமிழர்க்கும் அது புதிதன்று. முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் புறநானூற்று ஒன்பதாம் பாட்டு, போர் தொடங்குமுன் ஆவும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் அரண் தேடிச் செல்லுமாறு அறிவிக்கும் அறநெறியைக் கூறுகின்றது. அதனைக் கொண்டு பண்டைத் தமிழர் போர் முழுதும் அறப்போர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. பகைவர் ஊரை எரியூட்டியதையும் விளைவயலைக் கவர்ந்ததையும் புகழும் பாட்டுகள் அந்நூலிலேயே பல உள. ஒன்பதாம் பாட்டின் வரிசையில் உழவர் இடம்பெறவில்லை என்பதும் கருதத்தக்கது.

எனவே 1760-இல் இல்லாதது அறம் அன்று. அவ்வறத்தைத் தலைவன்மேல் வழக்காகத் தொடுக்கும் மன்றமே. பாரிசு மன்றம் ஒரு தலைவனின் தலையை வாங்கும் ஆற்றல் உடையதாய் இருந்தும், கீழ்வேளூரையும் எல்லை வேலியையும் அவ்வழக்கின் பொருளாக்கவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அப்போது புதுச்சேரியில் ஒரு வீட்டில் கிடந்தது. 1846-இல் தான் கல்லுவா மோன்பிரேன் அதனைக் கண்டெடுத்தார். குடிகளின் மொழியில் எழுதப்பட்ட சான்று இருந்தும், அதனைக் கேட்கும் செவி இல்லை.

6. நூரம்பர்க்கு முதல் உரோமை வரை

முற்றுகை வெளியில் கிடந்த மக்களின் கேள்வி 188 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரு மன்றத்தின் முன் வந்தது. செருமானியப் படைத்தலைவர் லேபு, லெனின்கிராது முற்றுகையின்போது, நகரைவிட்டு வெளியேறும் பொதுமக்களைப் பீரங்கியால் சுட்டுத் திருப்புமாறு ஆணையிட்டார் என்பது அவர்மேற் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. நூரம்பர்க்கில் அமெரிக்கர் அமைத்த படைமன்றம் 1948 அக்டோபரில் தீர்ப்புக் கூறியது. முற்றுகையிட்டோன் வெளியேறுவோரைத் திருப்புதல் அன்றைய சட்டப்படி குற்றம் ஆகாது என்றும், சட்டம் வேறாக இருத்தல் நன்று எனினும் உள்ள சட்டத்தையே தாம் செயற்படுத்த இயலும் என்றும் நடுவர் கருதினர். வேறு குற்றத்துக்காக லேபு மூன்றாண்டுச் சிறை பெற்றார். இத்தீர்ப்பின்படி நோக்கின், எட்டு நாட்கள் வழிமறித்த கூட்டும் குற்றவாளி ஆகார். 1760-க்கும் 1948-க்கும் இடையே இப்பொருளில் சட்டம் ஓர் அடியும் நகரவில்லை.

அதன்பின் அது நகர்ந்தது. 1949-ஆம் ஆண்டு நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு, முற்றுகைப்பட்ட இடங்களிலிருந்து காயமுற்றோர், பிணியாளர், தளர்ந்தோர், முதியோர், சிறுவர், மகப்பேற்று நிலையினர் ஆகியோரை வெளியேற்ற இருதரப்பாரும் உடன்பாடு காண முயலவேண்டும் என்கிறது. புறநானூற்றுப் பாட்டின் வரிசையோடு இதனை ஒப்பிட்டுக் காண்பார்க்கு ஒற்றுமை விளங்கும். 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையின் 54-ஆம் பிரிவு, பொதுமக்களைப் பட்டினியிடுவதைப் போர்முறையாகக் கொள்ளுதலைத் தடுத்தது. பயிரையும் நீர்நிலையையும் பாசன அமைப்பையும் அழித்தலையும் விலக்கியது. உழவர் இங்குதான் உரிய இடம் பெற்றனர். 1998-இல் உரோமை நகரில் ஏற்கப்பெற்று 2002 சூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றச் சட்டம், நாடுகளிடைப் போரில் பட்டினியிடுதலைப் போர்க்குற்றம் ஆக்கியது.

அச்சட்டத்தின் 28-ஆம் பிரிவு படைத்தலைவரின் பொறுப்பை வரையறுக்கும். தன் ஆட்சியில் உண்மையாக அடங்கிய படையினர் குற்றம் செய்தனர் அல்லது செய்யவிருந்தனர் என்பதைத் தலைவன் அறிந்திருந்தாலும், அந்நிலையில் அறிந்திருக்கக் கடமைப்பட்டிருந்தாலும், அதனைத் தடுக்கவோ விசாரணைக்கு அனுப்பவோ தன்னால் இயன்றதைச் செய்யாவிடின், அவனே குற்றப்பொறுப்பு ஏற்றல் வேண்டும். ஆணையிட்டவன் மட்டுமன்றி, வாளாவிருந்தவனும் விடைகூறுவான் என்பது இதன் பொருள்.

முற்றுகைத் தலைவர் ஒருவர்மேல் பன்னாட்டு நீதி பாய்ந்ததற்குச் சிறந்த சான்று சரயேவோ. அந்நகரை முற்றுகையிட்ட படைப்பிரிவின் தலைவரான கலிச்சு, பொதுமக்களை அச்சுறுத்தும் நோக்கோடு குண்டு வீசியும் மறைந்திருந்து சுட்டும் கொன்ற செயல்களுக்காக முன்னாள் யூகோசுலாவியப் பன்னாட்டு நீதிமன்றில் 2003-இல் இருபதாண்டுச் சிறை பெற்றார். 2006-இல் மேல்முறையீட்டில் அது வாழ்நாட் சிறையாக உயர்த்தப்பட்டது. அங்கே குற்றப்பத்திரிகையின் நடுப்பொருள் இழந்த கோட்டை அன்று. தண்ணீர் எடுக்க வரிசையில் நின்ற மக்களின் உயிர்.

7. குற்றஞ்சாட்டப்பட்டார்க்குரிய நீதி

குடிகள் பக்கம் நின்று பேசும்போது லாலி வழக்கின் மறுபாதியை மறத்தலாகாது. துணைவரின்றி, காரணம் கூறப்படாத தீர்ப்பால் கொல்லப்பட்டவர் அவர். அவர் செய்த கொடுமை, அவர்க்கு இழைக்கப்பட்ட முறைகேட்டை முறையாக்காது.

இக்குறை பிற்காலத்தும் நீங்கிற்றில்லை. சப்பானியத் தலைவர் யமாசிதா மணிலாவில் அமெரிக்கப் படைமன்றத்தால், தம் வீரரைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்று தண்டிக்கப்பட்டார். 1946 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். அமெரிக்க உச்சமன்ற நடுவருள் மர்பி, இரட்லெட்சு ஆகிய இருவர் அம்முறையை வன்மையாக மறுத்தெழுதினர். தோக்கியோ மன்றில் நடுவராக இருந்த கல்கத்தா இராதாவினோத பாலர், வென்றோர் மட்டுமே தீர்ப்பளிக்கும் மன்றின் தகுதியை வினவி, மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அண்மைக் காலத்தில், 28-ஆம் பிரிவின்கீழ் 2016-இல் தண்டிக்கப்பட்ட கொங்கோ நாட்டுத் தலைவர் பெம்பா, 2018-இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். பாதிக்கப்பட்டார்க்கு அது பெருந்துயர். ஆயினும் காரணங்களை எழுதி, மேல்மன்றம் ஆராய்ந்து, தீர்ப்பை மாற்ற இடமிருந்தமையே லாலிக்குக் கிடைக்காத நீதி.

ஆகவே இரண்டு அளவுகோல்கள் வேண்டும். குற்றப்பத்திரிகையில் குடிகளின் துன்பம் நாளும் இடமும் செயலும் குறித்து எழுதப்படுதல் ஒன்று. குற்றஞ்சாட்டப்பட்டவன் முழுமையாகக் கேட்கப்படுதல் மற்றொன்று. பாரிசு மன்றம் இரண்டிலும் தவறியது.

8. நம் காலத்துக் கேள்வி

இவ்வாராய்ச்சி பழங்கதை அளவில் நின்றுவிடுவதன்று. 2009-இல் இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், முல்லைத்தீவுக் கடற்கரையின் குறுகிய நிலத்தில் பெருந்திரளான தமிழ்மக்கள் இரு படைகளுக்கும் இடையே அகப்பட்டனர். ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் அளித்த அறிக்கை, அரசுப் படை மக்கள்மேலும் மருத்துவமனைகள்மேலும் பீரங்கித் தாக்குதல் நடத்தியது என்பதும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்தனர் என்பதும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் என்று கூறியது. 2021-இல் மனித உரிமைப் பேரவை சான்றுகளைத் திரட்டிக் காக்க வழிசெய்தது. ஆயினும் அப்போருக்காக எப்படைத்தலைவரும் இந்நாள் வரை பன்னாட்டு நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டிலர். இலங்கையும் இந்தியாவும் உரோமைச் சட்டத்தில் சேர்ந்த நாடுகள் அல்ல. இரு படைகளுக்கும் இடையே கிடந்த மக்களின் வழக்கு இன்னும் கேட்கப்படவில்லை.

இறுதியாக மீண்டும் வில்லியனூர்க்கும் பாகூர்க்கும் வருவாம். 1783-இல் இங்கிலாந்தும் பிரான்சும் வெர்சேயில் செய்த உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு இவ்விரு பகுதிகளையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது: புதுச்சேரிக்குச் சார்பு நிலங்களாக அவற்றைப் பிரெஞ்சுக்காரர்க்குப் பெற்றுத்தருவதாக ஆங்கில அரசர் ஒப்புக்கொள்கிறார். முப்பதாண்டுப் போர்களில் அந்நிலத்து உழவர் இழந்தது யாது, அதற்கு விடைகூறுவார் யார் என்பது பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. நிலத்துக்குப் பெயர் கிடைத்தது, குடிகளுக்குக் கிடைக்கவில்லை.

1766-இலிருந்து 1998 வரை நிகழ்ந்த வளர்ச்சியை ஒரு தொடரில் கூறின், அது குடிகளின் பெயர் குற்றப்பத்திரிகையுள் நுழைந்த வரலாறு எனலாம். அவ்வரலாறு நிறைவு பெற்றிலது. நாட்குறிப்பு, கல்வெட்டு, ஊர்க்கணக்கு, வாய்மொழி வழக்கு ஆகியவற்றில் குடிகள் பட்ட துன்பத்தைத் தேடித் தொகுத்தல் தமிழாராய்வார் கடன். ஆனந்தரங்கர் நாட்குறிப்பு வெளிப்பட எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. நம் காலத்துச் சான்றுகள் அவ்வளவு நெடிது காத்திருக்க விடுதல் முறையன்று.